அட்லாண்டிக்கில் தோற்ற நீர்மூழ்கி பசிபிக்கில் வென்றது எப்படி?

வடமுனை எழுதியது:

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் கடல்வழிப் போக்குவரத்துப் பற்றி ஒரு சந்தேகம். ஜெர்மனி 1,100-க்கும் அதிகமான நீர்மூழ்கிகளைக் கட்டியது. அவற்றில் 780 வாக்கில் அழிந்தன. அந்தப் படையில் கடலுக்குப் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் உயிரோடு திரும்பவில்லை. இத்தனை பலி கொடுத்தும் பிரிட்டனுக்கு வரும் சரக்கை நிறுத்த முடியவில்லை. அமெரிக்காவின் நீர்மூழ்கிப் பிரிவோ அதன் கடற்படை ஆள்பலத்தில் 2 சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவின் கணக்கில்தான் சேர்கின்றன. அவர்கள் இழந்தது 52 நீர்மூழ்கிகள்.

ஒரே வகை ஆயுதம், ஒரே காலம், முடிவு மட்டும் நேரெதிர். "ஜெர்மனியின் எனிக்மா மறைகுறியீட்டு இயந்திரத்தை உடைத்தார்கள்", "அமெரிக்கத் தொழிற்சாலைகள் ஜெயித்தன" என்று ஒற்றை வரியில் சொல்லிவிடுவது எனக்குப் போதவில்லை. இயங்குமுறை தெரிய வேண்டும். இன்னொன்று: 1942-ல் நீர்மூழ்கிகளால் மட்டும் 60 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது என்று படித்தேன். அதே ஆண்டு அமெரிக்கா 80 லட்சம் டன் கட்டியதாக ஓர் அட்டவணை சொல்கிறது. அப்படியானால் 1942-லேயே ஆபத்து விலகியிருக்க வேண்டுமே? 1943 மார்ச்சை ஏன் உச்ச நெருக்கடி என்கிறார்கள்?

நங்கூரம் எழுதியது:

முதலில் அந்த அட்டவணையைப் பார்த்துவிடுவோம். இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மூழ்கிய கணக்கு கிராஸ் டன்னில் இருக்கும். அது எடையே கிடையாது, கப்பலின் உட்கொள்ளளவு. அமெரிக்கக் கட்டுமானக் கணக்கு டெட்வெயிட் டன்னில் இருக்கும். அது கப்பல் தூக்கும் எடை. அமெரிக்கா போரில் வரிசையாகக் கட்டிக் குவித்த லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல், ஒரு கணக்கில் 7,176 டன், இன்னொரு கணக்கில் 10,800 டன்னை ஒட்டி வரும். ஆக உங்கள் 80 லட்சம் கிராஸ் டன்னில் 53 லட்சம் சொச்சம்தான். 1942-ல் எல்லாக் காரணங்களும் சேர்ந்து நேச நாடுகளும் நடுநிலை நாடுகளும் இழந்தது சுமார் 78 லட்சம் கிராஸ் டன். பிரிட்டனும் கனடாவும் கட்டியதைக் கூட்டினாலும் அந்த ஆண்டு பற்றாக்குறைதான்.

இனி இயங்குமுறை. அன்றைய யூ-போட், அதாவது ஜெர்மன் நீர்மூழ்கி, எந்நேரமும் நீருக்கடியில் திரியும் கலமில்லை. தேவைப்பட்டால் முங்கக்கூடிய டார்பிடோப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் கட்டப்பட்ட 7சி வகையை எடுத்துக்கொண்டால், நீர்மட்டத்தில் டீசலில் 17 நாட்டுக்கு (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மேல் ஓடும். மூழ்கினால் பேட்டரியில் அதிகபட்சம் 7.6 நாட், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். 4 நாட்டில் நிதானமாகப் போனாலே சுமார் 80 கடல் மைலில் பேட்டரி தீர்ந்துவிடும். சரக்குக் கப்பல்கள் காவலோடு கூட்டமாகப் போவதைக் கான்வாய் என்பார்கள். மெதுவான எஸ்.சி. வரிசைக் கான்வாய்கூட 7 நாட்டில் போகும், எச்.எக்ஸ். வரிசைக் கான்வாய் 9 நாட்டுக்கு மேல். அதாவது நீர்மூழ்கியை மூழ்க வைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அதை அழிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு மணி நேரம் தலையைத் தூக்க விடாமல் வைத்திருந்தால் கான்வாய் போய்விடும். அட்லாண்டிக் போரில் நடந்த பெரும்பாலானவற்றுக்கு இதுதான் திறவுகோல்.

1940, 41-ல் ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸின் ஆட்கள் ஜெயித்ததும் இதே கணக்கில்தான். இரவில், நீர்மட்டத்திலேயே, கூட்டமாக வந்து தாக்கினார்கள். பிரிட்டிஷாரின் ஆஸ்டிக் என்ற சோனார், மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியைத்தான் கேட்கும். மேலே மிதப்பதைக் கேட்காது. காவலுக்கு வந்த ஃபிளவர் வகை கார்வெட்டின் வேகம் 16 நாட். துரத்த வேண்டிய கலம் அதைவிட ஒன்றரை நாட் வேகமாக ஓடிவிடும்.

இந்தப் பலத்தைப் பறித்தது ஒரே ஒரு கருவி கிடையாது. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான், 10 சென்டிமீட்டர் அலையில் இயங்கும் ராடாரைச் சாத்தியமாக்கியது. 1941-ல் கார்வெட்டுகளில் பொருத்த ஆரம்பித்தார்கள். 1943 தொடக்கத்தில் விமானங்களுக்கும் வந்தது. ஜெர்மானியர் வைத்திருந்த மெடாக்ஸ் கருவி ஒன்றரை மீட்டர் அலையைத்தான் உணரும். 10 சென்டிமீட்டர் அலையில் விமானம் வந்தால் நீர்மூழ்கிக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

ராடாருக்கு இணையாக மதிக்க வேண்டியது ஹஃப்-டஃப் என்ற திசைகாட்டி ரேடியோ. அதைப் பற்றி அதிகம் பேசுவதே இல்லை. டோனிட்ஸின் முறையில் கான்வாயைப் பார்த்த முதல் நீர்மூழ்கி உடனே தாக்காது. பின்தொடர்ந்தபடி கரைக்கு ரேடியோ தகவல் அனுப்பும். மற்றவை அதைக் கேட்டுக் கூடும். சில நொடிகளில் முடிந்துவிடும் குறுஞ்செய்தியின் திசையைக் கடலில் போகும் கப்பல் பிடிக்க முடியாது என்று ஜெர்மன் தலைமை நம்பியது. பிரிட்டிஷ் கருவியிலோ கேதோடு கதிர்த் திரையில் அந்தச் சில நொடியிலேயே திசைக்கோடு விழுந்துவிடும். வானில் பட்டுத் திரும்பாமல் கடல்மட்டத்தை ஒட்டி நேராக வரும் சமிக்ஞை என்றால் ஆள் 15, 20 கடல் மைலுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். உடனே ஒரு காவல் கப்பல் அந்தத் திசையில் முழு வேகத்தில் ஓடும். அந்தக் கப்பலின் உச்சிக் கம்பம் தெரிந்ததும் நீர்மூழ்கி முங்கும். பின்தொடர்தல் அறுந்தது, மற்றவற்றுக்கு வழிகாட்ட ஆளில்லை, கான்வாய் திசை மாறிப் போய்விடும். இப்படி நடக்காமலே போன தாக்குதல்கள் எந்த இழப்புப் பட்டியலிலும் வராது. அதனால்தான் இந்தக் கருவிக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

ஆயுதத்திலும் ஒரு பழைய ஓட்டை இருந்தது. டெப்த் சார்ஜைக் கப்பலின் பின்பக்கமாகப் போட வேண்டும். ஆனால் கடைசி 200 கஜத்தில் ஆஸ்டிக் தொடர்பு அறுந்துவிடும். கப்பல் அந்த இடத்துக்கு மேலே போய், குண்டு நொடிக்கு 10 அடி வீதம் இறங்கி, குறித்த ஆழத்தில் வெடிப்பதற்குள் நீர்மூழ்கி முழுச் சுக்கான் திருப்பி விலகிவிடும். ஹெட்ஜ்ஹாக் இதைச் சரிசெய்தது. 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வட்டமாக வீசும், தொடர்பு அறுவதற்கு முன்பே. மோதினால்தான் வெடிக்கும். தவறினால் கடல் கலங்காது, மறுபடி தேடலாம். பிரிட்டிஷ் கணக்கில் டெப்த் சார்ஜ் தாக்குதல் சுமார் 60-க்கு ஒன்று பலித்தது, ஹெட்ஜ்ஹாக் 6-க்கு ஒன்று. பிரிட்டிஷ் கேப்டன் வாக்கர் கையாண்ட முறை இன்னொன்று: ஒரு கப்பல் தூரத்தில் நின்று சோனார் தொடர்பை விடாமல் பிடித்திருக்கும், இரண்டாவது கப்பல் 5 நாட்டில், சத்தமில்லாமல், முதலாவது சொல்லும் திசையில் ஊர்ந்து போய்க் குண்டுகளைக் கொட்டும். கீழே இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் கப்பல் வருவதே தெரியாது.

எனிக்மா முக்கியம்தான், ஆனால் தொடர்ச்சியாக உதவவில்லை. 1942 பிப்ரவரி 1-ல் அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் நான்கு சுழலி இயந்திரத்துக்கு மாறின. டிசம்பர் வரை பிரிட்டனின் குறியீடு உடைக்கும் நிலையமான பிளெட்ச்லி பார்க் இருட்டில் இருந்தது. அக்டோபர் 30-ல் மூழ்கிக்கொண்டிருந்த யூ-559 நீர்மூழ்கிக்குள் இறங்கி வானிலைக் குறியீட்டுப் புத்தகத்தை மீட்ட பிரிட்டிஷ் கடற்படையினர் ஃபாஸன், கிரேஸியர் இருவரும் அதோடு மூழ்கி இறந்தார்கள். அந்தப் புத்தகம்தான் வாசலைத் திறந்தது. மறுபக்கம், ஜெர்மனியின் பி-டீன்ஸ்ட் பிரிவு பிரிட்டிஷ் கான்வாய்க் குறியீட்டை 1943 ஜூன் வரை படித்துக்கொண்டிருந்தது. இரு பக்கமும் ஒருவர் கடிதத்தை ஒருவர் வாசித்த போர் இது.

1943 மார்ச்சில் எல்லாம் ஒருங்கே மோசமாயின. வானிலைப் புத்தகம் மாறியதால் எனிக்மா சில நாள் மீண்டும் இருண்டது. நடு அட்லாண்டிக்கில் விமானம் எட்டாத இடைவெளி இன்னும் இருந்தது. எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 ஆகிய இரண்டு கான்வாய்களிலும் சேர்த்து 22 கப்பல்கள் போயின, அழிந்த நீர்மூழ்கி ஒன்றே ஒன்று. இரண்டே மாதத்தில் நிலை தலைகீழானது. நீண்டதூர லிபரேட்டர் விமானங்கள், சிறு விமானந்தாங்கிகள், எந்தக் கான்வாயோடும் கட்டப்படாமல் உதவிக்கு ஓடும் காவல் குழுக்கள் மூன்றும் ஒரே சமயத்தில் வந்தன. ஓ.என்.எஸ். 5 கான்வாய் 13 கப்பல்களை இழந்தது உண்மை. ஆனால் மே 5 இரவு மூடுபனி இறங்கியதும் ராடார் உள்ளவனுக்கு மட்டும் கண் தெரிந்தது. அன்றிரவு ஒரு சரக்குக் கப்பலும் போகவில்லை, நீர்மூழ்கிகள் அடுத்தடுத்துப் போயின. அந்த மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்தன. 24-ஆம் தேதி டோனிட்ஸ் வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கச் சொன்னார்.

அந்த லிபரேட்டர்கள் ஒரு வருடம் முன்பே வந்திருக்கலாம். தேவைப்பட்டது சில டஜன் விமானங்கள்தான். குண்டுவீச்சுப் படைக்கா, கடலோரப் படைக்கா என்று தலைமையில் நடந்த இழுபறியில் காலம் போனது. அந்த இடைவெளியில் செத்த மாலுமிகளை நினைத்தால் இந்தப் போரின் மிகக் கசப்பான நிர்வாகத் தவறு இதுதான் என்பேன்.

சுக்கான் எழுதியது:

நங்கூரம் போர்முனையைச் சொல்லிவிட்டார். கட்டுமானப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

லிபர்ட்டி வரிசையில் கட்டப்பட்டவை 2,710 கப்பல்கள். மூல வடிவம் பிரிட்டனுடையது. 1940-ல் அமெரிக்காவில் ஆர்டர் கொடுத்த 60 ஓஷன் வகைக் கப்பல்களிலிருந்து வந்தது. வேகம் 11 நாட்தான். இயந்திரம் 2,500 குதிரைசக்தி கொண்ட பழைய மும்முறை விரிவு நீராவி எஞ்சின். பழையதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. டர்பைனும் அதற்கான நுண்பல்சக்கரங்களும் வெட்டும் இயந்திரங்கள் மிகக் குறைவு, அவை போர்க்கப்பல்களுக்குத் தேவை. பிஸ்டன் எஞ்சினைச் சாதாரண இயந்திரப் பட்டறைகளே செய்துவிடும். எதில் தட்டுப்பாடு என்று பார்த்து அதைத் தொடாமல் வடிவமைப்பதுதான் போர்க்கால உற்பத்தியின் முதல் பாடம்.

இரண்டாவது, தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைப்பதை விட்டு வெல்டிங்குக்குப் போனது. தேர்ந்த ரிவெட் குழுவை உருவாக்க வருடங்கள் ஆகும், வெல்டிங்கைச் சில வாரங்களில் கற்றுத்தரலாம். கப்பலையே பார்த்திராத ஆண்களும் பெண்களும் வேலைக்கு வந்தார்கள். பகுதிகளைத் தரையில், வெல்டர் குனிந்து கீழ்நோக்கி வேலைசெய்யும் நிலையில் செய்து முடித்து, கிரேனில் தூக்கிக் கட்டுமேடையில் சேர்த்தார்கள். கப்பலின் மேல்கட்டு தலைகீழாகவே கட்டப்பட்டுப் பிறகு புரட்டப்பட்டது, தலைக்கு மேல் வெல்டிங் செய்வதைத் தவிர்க்க. ஆரம்பத்தில் ஒரு கப்பலுக்கு 200 நாளுக்கு மேல் ஆனது, பிறகு சராசரி 42 நாள். 1942 நவம்பரில் ரிச்மண்டில் ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பல் 4 நாள் 15 மணி நேரத்தில் நீரில் இறங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அது விளம்பரத்துக்காக முன்கூட்டியே பாகங்களைக் குவித்துவைத்துச் செய்தது. 42 நாள்தான் உண்மையான சாதனை.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். குளிர்ந்த கடலில் உடல்தகடு கண்ணாடிபோல் விரிசல் விட்டது. 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற புது டேங்கர், போர்ட்லண்டில் கரையில் கட்டி நின்றபோதே நடுவில் முறிந்தது. முதலில் எல்லோரும் வெல்டர்களைக் குறை சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் எஃகைத்தான் சுட்டிக்காட்டினார்: குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே அந்த எஃகு வளையாமல் உடைகிறது. சரக்குத் திறப்பின் சதுர மூலைகளில் அழுத்தம் குவிந்து விரிசல் ஆரம்பிக்கும். ரிவெட் கப்பலில் அது ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் கப்பலில் முழு உடலும் ஒரே தகடு என்பதால் கீழ்வரை ஓடும். மூலைகளை வளைவாக்கினார்கள், சில இடங்களில் விரிசலை நிறுத்தவென்றே ரிவெட் பட்டைகள் சேர்த்தார்கள்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். மூழ்கியதும் கட்டியதும் மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. ஒரு கப்பல் ஆண்டுக்கு எத்தனை முறை சரக்கு இறக்குகிறது என்பதும் அதே அளவு முக்கியம். மத்தியதரைக் கடல் மூடியபோது பிரிட்டனிலிருந்து எகிப்துக்குச் சுமார் 3,000 மைல் வழி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 12,000 மைலுக்கு மேல் ஆனது. ஒரு டார்பிடோகூடப் படாமல் அந்த வழியில் நான்கில் மூன்று பங்கு கப்பல் காணாமல் போன மாதிரி. கான்வாய் முறையே ஒரு செலவுதான்: துறைமுகத்தில் சேரக் காத்திருக்க வேண்டும், வேகமான கப்பல் மெதுவான கப்பலின் வேகத்தில் போக வேண்டும், எல்லாம் ஒன்றாக வந்து இறங்கினால் துறை அடைபடும்.

அதைக் குறைத்தது பிரிட்டிஷ் இயற்பியலர் பிளாக்கெட் குழுவின் கணக்கு. ஒரு கான்வாயில் எத்தனை கப்பல் மூழ்குகிறது என்பது அதிலுள்ள கப்பல் எண்ணிக்கையைவிடத் தாக்குபவனின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று தரவில் கண்டார்கள். 40 கப்பல் கான்வாயை 80 ஆக்கினால் காவல் காக்க வேண்டிய சுற்றளவு ஏழில் ஒரு பங்குதான் கூடும். ஆகவே பெரிய கான்வாய்களாக ஆக்கி, மிச்சமான காவல் கப்பல்களைத் தனிக் குழுக்களாக விடலாம். 1944 கோடையில் எச்.எக்ஸ். 300 கான்வாய் 160-க்கும் மேற்பட்ட கப்பல்களுடன் ஓர் இழப்பும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

வடமுனை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கிராஸ், டெட்வெயிட் விஷயம் பெரிய தெளிவு. அப்படியென்றால் பசிபிக்கில் ஜப்பான் இதையெல்லாம் ஏன் செய்யவில்லை? கருவி இல்லையா, கான்வாயே இல்லையா?

கலங்கரை எழுதியது:

பசிபிக்கில் முதல் ஒன்றரை ஆண்டு அமெரிக்க நீர்மூழ்கிகள் எதையும் பெரிதாகச் சாதிக்கவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் அவர்களுடைய சொந்த மார்க் 14 டார்பிடோ. அதில் மூன்று கோளாறுகள், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு இருந்தன.

முதலாவது, வைத்த ஆழத்தைவிடச் சுமார் 10 அடி கீழே ஓடியது. சோதனையில் லேசான பயிற்சித் தலை பூட்டியிருந்தார்கள், போர்த்தலை அதைவிடக் கனம். ஆழத்தை அளக்கும் துளையும் நீரோட்டத்தால் அழுத்தம் குறையும் இடத்தில் அமைந்திருந்தது. 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே, அங்கிருந்த அமெரிக்க நீர்மூழ்கிகளின் தலைவர் லாக்வுட்டின் ஆட்கள் மீன்வலையை விரித்து அதில் சுட்டு, துளை விழுந்த ஆழத்தை அளந்து நிரூபித்தார்கள். ஆழம் சரியானதும் இரண்டாவது கோளாறு தலைகாட்டியது: கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து அடியில் வெடிக்க வேண்டிய கருவி, முன்கூட்டியே வெடித்தது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறும் என்பதை யாரும் போர்க்கடலில் சோதிக்கவில்லை. 1943 ஜூனில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் அதை அணைக்கச் சொன்னார். அப்போதுதான் மூன்றாவது வெளியே வந்தது. நேர் குத்தாக மோதினால் வெடியூசி நசுங்கி மாட்டிக்கொள்ளும். சாய்வாக மோதினால் வெடிக்கும். அதாவது மாலுமி எவ்வளவு நன்றாகக் குறிவைக்கிறானோ அவ்வளவு நிச்சயமாக வெடிக்காது. 1943 ஜூலை 24-ல் டினோசா நீர்மூழ்கி, நின்றுபோன டோனான் மாரு 3 கப்பலை நோக்கித் தொடர்ந்து சுட்டது. மொத்தம் 15 டார்பிடோ, கப்பல் மூழ்கவில்லை. கடைசி ஒன்றை ஆய்வுக்கென்று பேர்ல் ஹார்பருக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். கிரேனிலிருந்து 90 அடி உயரத்தில் எஃகுத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்ததில் குறை பிடிபட்டது. ஊசியை எடை குறைந்த உலோகத்தில் செய்ததும் செப்டம்பரிலிருந்து டார்பிடோ ஒழுங்காக வேலைசெய்தது.

ஜெர்மனிக்கும் 1940-ல் நார்வேயில் ஏறத்தாழ இதே கதை, ஆழமும் காந்தமும். அவர்கள் சீக்கிரமே ஒப்புக்கொண்டு தற்காலிகமாகவாவது சமாளித்தார்கள். அமெரிக்க ஆயுதத் துறை மாலுமிகளின் குறி சரியில்லை என்றே சாதித்துக்கொண்டிருந்தது.

இனி ஜப்பான். 1941-ல் கையில் இருந்தது சுமார் 60 லட்சம் கிராஸ் டன். தரைப்படை ஒரு பங்கு, கடற்படை ஒரு பங்கு எடுத்துக்கொண்டது, மிச்சம்தான் நாட்டுக்கு. மூன்றும் தனித்தனி நிர்வாகம். தரைப்படைக் கப்பல் துருப்புகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். அதே வழியில் பாக்சைட் ஏற்ற இன்னொரு கப்பல் ஜப்பானிலிருந்து காலியாகப் போகும். எண்ணெய்க்காகவே போருக்குப் போன நாடு, சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெயைக் கொண்டுவரப் போதிய டேங்கரோ காவலோ திட்டமிடவில்லை. கான்வாய்களுக்கென ஒரே தலைமை அமைந்தது 1943 நவம்பரில்தான். அதற்குப் பிறகும் நாலைந்து கப்பலுக்கு ஒன்றிரண்டு காவல் என்று சிறு சிறு கூட்டங்களாகவே போயின. சுக்கான் சொன்ன சுற்றளவுக் கணக்கில் இது மிக மோசமான அளவு. கடற்படைக் கல்லூரிகளில் கற்பித்தது முழுக்கத் தீர்மானகரமான போர்க்கப்பல் மோதல். வணிகக் கப்பலுக்குக் காவல் போவதைத் தரக்குறைவாக நினைத்தார்கள்.

மறைகுறியீட்டில் இன்னொரு வேறுபாடு. ஜப்பானிய வணிகக் கான்வாய்கள் தங்கள் நண்பகல் நிலையை ரேடியோவில் முன்கூட்டியே சொல்லும், அமெரிக்கர்கள் அந்தக் குறியீட்டை உடைத்திருந்தார்கள். நீர்மூழ்கி தேடி அலைய வேண்டியதில்லை, போய்க் காத்திருந்தால் போதும். அட்லாண்டிக்கில் வேட்டையாடுபவனின் கண்ணைப் பறித்த அதே 10 சென்டிமீட்டர் ராடார், பசிபிக்கில் வேட்டையாடுபவன் கையிலேயே இருந்தது. இரவில் நீர்மட்டத்தில் ஓடி, ராடாரில் பார்த்துச் சுட்டார்கள். ஜப்பானியக் காவல் கப்பல்கள் பலவற்றில் 1944 வரை ராடார் கிடையாது. அவர்கள் வீசிய டெப்த் சார்ஜ்கள் பெரும்பாலும் குறைந்த ஆழத்தில் வெடித்தன.

1945 மார்ச்சுக்குப் பிறகு தெற்கிலிருந்து எண்ணெய் வருவது நின்றேவிட்டது. அதே மாதம் 27-ல் பி-29 விமானங்கள் ஷிமோனோசெக்கி நீரிணையிலும் துறைமுக வாய்களிலும் கண்ணிவெடி போட ஆரம்பித்தன, போர் முடிவதற்குள் சுமார் 12,000. உள்நாட்டுக் கடலோரப் போக்குவரத்தும் முடங்கியது.

நங்கூரம் எழுதியது:

கலங்கரை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

ஜெயித்த பக்கத்திலும் கப்பல் ஒதுக்கீடு என்பது யார் சாப்பிடுவது என்ற முடிவாகவும் இருந்தது. போருக்கு முன் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் இறக்குமதி செய்த பிரிட்டன் 1942-ல் 2.3 கோடி டன்னுக்கு இறங்கியிருந்தது. அதை உயர்த்த 1943 ஜனவரியில் இந்தியப் பெருங்கடலுக்கான மாதாந்திரப் பயணங்களைச் சுமார் 100-லிருந்து 40-ஆகக் குறைத்தார்கள். பர்மா அரிசி நின்றுபோய், 1942 அக்டோபர் புயலில் பயிர் போய், படகுகள் பறிமுதலாகி, விலை எகிறியிருந்த வங்காளத்துக்கு அந்த ஆண்டு தானியம் கேட்டபோது லண்டன் கப்பல் இல்லை என்று தட்டிக்கழித்தது. பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம். பஞ்சத்துக்குக் காரணம் பல. ஆனால் லிபர்ட்டி சாதனையை எழுதும்போது இந்த ஒதுக்கீட்டை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது.

இன்னொன்று, கடலைத் தாண்டியதும் கதை முடியாது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகம் 1944 செப்டம்பர் 4-ல் கிரேன்களோடு சேதமில்லாமல் கிடைத்தது. ஆனால் அதைக் கடலோடு இணைக்கும் ஷெல்ட் ஆற்றுவாயின் இரு கரையும் ஜெர்மானியர் கையில், நீரெல்லாம் கண்ணிவெடி. முதல் கான்வாய் உள்ளே வந்தது நவம்பர் 28-ல். நவம்பர் நடுப்பகுதி வரை நார்மண்டிக் கரையிலிருந்து ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரி வரிசைதான், சுமார் 6,000 வண்டிகள், ஓட்டுநர்களில் முக்கால்வாசி கறுப்பினப் படைவீரர்கள். உச்ச நாளில் 12,500 டன் சுமந்தார்கள். அந்த அக்டோபரில் பிரெஞ்சுக் கரையோரம் 200-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இறக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தன. தளபதிகள் அவற்றையே மிதக்கும் கிடங்காகப் பயன்படுத்தி, வேண்டியதை மட்டும் பொறுக்கி இறக்கினார்கள். வாஷிங்டன் கோபப்பட்டு, நிற்கும் கப்பலைக் காலிசெய்தால்தான் அடுத்தது அனுப்புவோம் என்று கெடுபிடி செய்தது. உங்கள் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்ப்பதாக இருந்தால், துறைமுகத்தில் நின்ற நாட்களைச் சேருங்கள்.